ரேடியேட்டருக்கு மஞ்சள் நீராட்டு விழா

ஜூன் பிறந்து சாரல் ஆரம்பித்தால் மதுரை - தென்காசி ரோட்டில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ராஜபாளையம் தாண்டி, சிவகிரி தாண்டி, வாசுதேவநல்லூர் பக்கம் வரும்போது ஏதாவது ஒரு பழைய டீசல் கார் புளியமரத்தடியில் ஒதுங்கி நிற்கும். பானட் தூக்கியிருக்கும். உள்ளேயிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி. பின் சீட்டில் துண்டும் எண்ணெய் பாட்டிலுமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பிய குடும்பம். டிரைவர் கையில் காலி வாட்டர் பாட்டில்.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வருவார். வராமல் இருக்கவே மாட்டார்.

"என்ன தம்பி, வண்டி தண்ணி குடிக்குதோ?"

"ஆமா அண்ணாச்சி. ராஜபாளையத்துலதான் ரொப்புனேன். அதுக்குள்ள காலி."

"ஒரு பொட்டலம் மஞ்சப்பொடி வாங்கிப் போடுங்க. கப்புனு அடைச்சிக்கும். எங்க அம்பாசிடரை அப்படித்தான் பத்து வருசம் ஓட்டுனோம்."

பெட்டிக்கடையில் மஞ்சள்பொடி வரும். தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் வரும். உள்ளே போட்டுக் கலக்கி ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் உறும விட்டால் ஒழுக்கு நின்றுவிடும். நிஜமாகவே நின்றுவிடும்! பெரியவர் ஜெயித்த முகத்தோடு டீக்குத் திரும்புவார். குடும்பம் பேரருவியைப் பார்க்கப் போய்ச் சேரும். எல்லாருக்கும் சந்தோஷம், எஞ்சினைத் தவிர.

இதற்கு ஊரில் 'ரிப்பேர்' என்று பெயர். உண்மையில் இது ரேடியேட்டருக்கு நடத்தும் மஞ்சள் நீராட்டு விழா. மொய் மட்டும் ஆறு மாதம் கழித்து மொத்தமாக வரும், அதுவும் ஹெட் கேஸ்கெட் வடிவத்தில்.

மஞ்சள்பொடி எப்படி வேலை செய்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் கரையாத நார்த்துகள்கள் சுற்றி வரும்போது, எங்கே சின்ன ஓட்டை இருக்கிறதோ அங்கே போய்ச் சிக்கிக் குவியும். சூட்டில் இறுகி அடைத்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு ஊற்றுவதும் இதே கதைதான். கடையில் டப்பாவில் விற்கும் 'ஸ்டாப் லீக்' சரக்குகளில் சில சோடியம் சிலிகேட் வைத்து இதே வேலையைக் கொஞ்சம் படித்தவன் மாதிரி செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே குறை: எது ஒழுகும் ஓட்டை, எது தண்ணீர் போகவேண்டிய வழி என்று அந்தப் பொடிக்குத் தெரியாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் தட்டையானவை, உள்வழி ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கேயும் போய்ச் சிக்கும். ஹீட்டர் காயிலில் சிக்கும். ஒரு ஓட்டையை அடைக்கப் போட்ட சாமான், இருபது வழியைக் குறுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். காசிமேஜர்புரம் ரோடு சமதளத்தில் போகும்வரை ஒன்றும் தெரியாது. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ரெண்டாவது கியரில் ஏறும்போதுதான் முள் சிவப்புக்குப் போகும். அப்போது 'மஞ்சள் போட்டது மூணு மாசம் முன்னாடி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்பார்கள்.

நடுக்காட்டில், ராத்திரி நேரத்தில், கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டால் மஞ்சளோ முட்டையோ போட்டு வீடு வந்து சேர்வதில் தப்பே இல்லை. ஆனால் வீடு வந்த மறுநாள் அதைக் கழுவி வெளியேற்றி, ஓட்டையைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். அதை யார் செய்கிறார்கள்? ஒழுகலை நின்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் மனசுதான் இங்கே வில்லன். பாவம், மஞ்சள் என்ன செய்யும்.

பெரியவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய அம்பாசிடர் நிஜமாகவே பத்து வருடம் ஓடியிருக்கும். 1950-களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய அவதாரமாக வந்து, 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் கடைசி வண்டி இறங்கும்வரை ஓடிய ஜென்மம் அது. அதில் வெகுகாலம் இருந்த 1489 சி.சி. டீசல் எஞ்சினில் அடிப்பாகமும் வார்ப்பிரும்பு, மேலே ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடானாலும் ரெண்டும் ஒன்றாக வீங்கி ஒன்றாகச் சுருங்கும். ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் கழற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து மாட்டிவிடலாம். அந்த வேலைக்கென்றே எல்லா ஊரிலும் ஒரு ரேடியேட்டர் கடை இருந்தது. அந்த வண்டியை ஒரு எருமை என்று சொல்லலாம். குட்டையிலும் குளிக்கும், காய்ச்சலும் வராது.

பிறகு வந்த வண்டிகள் எருமை இல்லை. 1998 டிசம்பரில் டாடா இண்டிகாவை அறிமுகம் செய்தது. அதன் 1405 சி.சி. டீசல்தான் தமிழ்நாட்டில் டாக்ஸித் தொழிலையே ஏழைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 2007-இல் ஸ்விஃப்டில் 1248 சி.சி. ஃபியட் டீசல் வந்தது. அதில் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இன்றைக்கு ஊரில் 'பழைய டீசல்' என்று ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை இந்தக் காலத்துச் சரக்கு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு நீளும். ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும், ஹெட் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். ரேடியேட்டரோ அலுமினிய வலையும் பிளாஸ்டிக் தொட்டியும் ரப்பர் வளையம் வைத்துக் கவ்விப் பிடித்தது. அதில் ஈயமும் ஒட்டாது, பூசிய எம்சீலும் சூட்டிலும் அழுத்தத்திலும் நாலு நாள் தாங்காது. எருமை வைத்தியத்தைக் கொண்டுவந்து குதிரைக்குச் செய்துவிட்டு, 'இந்தக் காலத்து வண்டியே சரியில்லப்பா' என்று தீர்ப்பு வேறு. கொடுமை!

அடுத்த மூடநம்பிக்கை, தண்ணீர். "கூலண்ட் எல்லாம் ஐஸ் உறையுற நாட்டுக்காரனுக்கு, நமக்கெதுக்கு?" என்று கேட்காத ஆளே கிடையாது. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வாசுதேவநல்லூரில் ரேடியேட்டர் உறையப் போவதில்லைதான். ஆனால் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஏறுகிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டியது 107 பக்கம் போகிறது. மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் இருபது டிகிரி மேலே. அதைவிட முக்கியம், அதில் துருத்தடுப்பு மருந்து கலந்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தால் அது ஒரு பேட்டரி. பிளஸ் டூ வேதியியலில் படித்ததுதான். அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து போகும்.

போர் தண்ணீரின் கதை தெரியாதவர்கள், வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியை எடுத்துப் பார்க்கலாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதே, அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும். ஒழுகும் வண்டிக்குத் தினமும் ரெண்டு லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றினால், தினமும் ரெண்டு லிட்டர் தண்ணீரின் உப்பை உள்ளே இறக்குகிறார்கள் என்று அர்த்தம். ஒழுகாத வண்டியில் போர் தண்ணீர் ஊற்றினால்கூட அந்த உப்பு ஒரு தடவைதான். ஒழுகும் வண்டியில் அது தினசரி டெபாசிட். வட்டியோடு முதிர்வடையும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கூலண்டில் பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயம் போட்டிருப்பது அழகுக்காக இல்லை. ஒழுகினால் தெரிவதற்காக. ஒழுகிக் காய்ந்த இடத்தில் கறை நிற்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால், சூடான எஞ்சின்மேல் கசிந்தது சுவடே இல்லாமல் ஆவியாகிவிடும். திருடன் கைரேகையைத் துடைத்துவிட்டுப் போக, போலீஸே துணி எடுத்துக் கொடுப்பது மாதிரி.

மெக்கானிக்குகள் பக்கம் வருவோம். இங்கேதான் சண்டை வரும், வரட்டும்.

முதல் குற்றச்சாட்டு: தெர்மோஸ்டாட். வண்டி சூடாகிறது என்று போனால், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று அந்த வால்வைக் கழற்றி வீசுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. டீசல் எஞ்சின் அழுத்தத்தின் சூட்டில்தான் எரிகிறது. அது குளிர்ந்தே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், கரி படியும், சிலிண்டர் தேயும். அதுகூடப் பரவாயில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வரும் பைபாஸ் வழியை அதுவே மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் வரும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம் மேட்டில் ஏறும்போது சூட்டைக் கூட்டும். ஙே!

இரண்டாவது: வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தயாரித்தவன் வேண்டுமென்றே வைத்த ஓட்டை. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாகச் சொட்டும். 'அண்ணே, என் ஆயுசு முடிஞ்சுது, மாத்துங்க' என்று பம்ப் எழுதும் கடிதம் அது. அந்த ஓட்டையில் எம்சீல் வைத்து அடைக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். கடிதம் கொண்டுவந்த தபால்காரரின் வாயைப் பொத்துவது மாதிரி. சொட்டுவது நிற்கும். தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் போனால் பம்ப் நிற்கும். பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் வண்டியாக இருந்தால், பம்ப் இறுகும்போது பெல்ட்டையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும். பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பத்து ரூபாய் எம்சீலில் ஆரம்பித்த பயணம் எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

மூன்றாவது: மூடி. ரேடியேட்டர் மூடி என்றால் டிபன்பாக்ஸ் மூடி என்று நினைப்பு. அது ஒரு அழுத்த வால்வு. குக்கர் வெயிட் மாதிரி. கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருந்தால் நூறிலேயே பொங்கி வழியும். ஓட்டையே இல்லாத வண்டி 'ஒழுகுகிறது' என்று வந்து நிற்கும். ரேடியேட்டரை மாற்றுவார்கள், ஹோஸ் மாற்றுவார்கள், பழைய மூடியைத் துடைத்துத் திரும்ப அதையே போடுவார்கள். குக்கருக்குக் கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று வீட்டில் அம்மாவுக்குத் தெரிகிறது, இவர்களுக்குத் தெரியவில்லை.

இதே மூடிதான் ஆளையும் வேக வைக்கிறது. சூடான எஞ்சினில் மூடியைத் திருகினால், அதுவரை அழுத்தத்தில் அடங்கியிருந்த 110 டிகிரித் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்துக்கு வரும். "துண்டைப் போட்டுத் திருகுனா ஒண்ணும் ஆகாது மாப்ள" என்பது ஊர் ஞானம். ஈரத்துண்டு வழியாக ஆவி இன்னும் நன்றாகச் சுடும். குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வரும்வரை. பின் சீட்டில் குழந்தை அழுகிறது, அருவியில் கூட்டம் சேருகிறது என்று அவசரப்பட்டவர்களின் முழங்கையிலும் கழுத்திலும் அந்தத் தழும்பு இருக்கும். டாக்ஸி ஸ்டாண்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

முள்ளை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சூடு காட்டும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வற்றிப் போனால் அது வெறும் காற்றில் தொங்கும். அப்போது முள் கீழே இறங்கும். 'அப்பாடா, ஆறிடுச்சு' என்று டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மீட்டர் சிரிக்கும்.

சரி, இதையெல்லாம் ஏன் செய்கிறார்கள்? "கையில காசு இல்ல தம்பி" என்பதுதான் பதில். இதைத்தான் ஒப்புக்கொள்ளவே முடியாது. காசு இல்லாதவன் செய்யக்கூடாத வேலை இது. காஸ்டிங் பாடத்தில் தடுப்புச் செலவு, தோல்விச் செலவு என்று ரெண்டு தலைப்பு வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அந்தத் தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் புத்தகத்தில் கிடையாது. ஹோஸ் கிளிப் வாங்கப் போனால் டீ, வடை காசோடு முடியும். மூடி சில நூறு. ஹோஸ் அதற்குக் கொஞ்சம் மேலே. ஹெட் இறக்கினால் ஆயிரங்களில் பேச்சு. லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடிக்க வேண்டும், கேஸ்கெட், போல்ட், ஆயில், கூலண்ட் எல்லாம் புதுசு, கூலி தனி. டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குத் தேய்க்கவும் முடியாது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு சின்னது. அதிகம் தேய்த்தால் தடிமனான கேஸ்கெட் தேட வேண்டும், அதுவும் உதவாவிட்டால் வேறு ஹெட்.

இதில் வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. ஒரு பேச்சுக்கு, சீசனில் ஒரு நாள் ஓட்டத்தில் டீசல் போக 1,500 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஹெட் வேலைக்குப் பத்து நாள் என்றால் 15,000 அங்கேயே போச்சு. குற்றாலம் சீசன் மொத்தமே மூன்று மாதம். கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகப் போகும் ஐயப்ப சாமிகள் கூட்டம் இன்னொரு ரெண்டு மாதம். வருடத்துக்கு அந்த ஐந்து மாதத்தில் சம்பாதித்துத்தான் மற்ற ஏழு மாத டியூ கட்ட வேண்டும். இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் அதிலிருந்துதான். வண்டி கொதிப்பதோ கண்டிப்பாக அந்த ஐந்து மாதத்தில்தான், ஏனென்றால் அப்போதுதான் அதற்கு லோடும் மேடும் கிடைக்கிறது. ஆக, மே மாதம் ஒரு மதியம் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலையை ஒத்திப்போட்டவர், ஜூலையில் மீட்டர் வட்டிக்கு வாங்கி அதே வேலையைப் பத்து மடங்கில் செய்கிறார். காசு இல்லாததால் தள்ளிப் போடுகிறார், தள்ளிப் போட்டதால் காசு இல்லாமல் போகிறது. இந்தச் சுழலில் யாருக்கு லாபம் என்று வட்டிக்குக் கொடுப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

மெக்கானிக்கைத் திட்டிவிட்டு, ஏ.சி. ஹால் போட்ட சர்வீஸ் சென்டர்களை விட்டுவிட்டால் அது நியாயமில்லை. அங்கே வேறு விதமான சோம்பேறித்தனம். ஓட்டை எங்கே என்று தேடவே மாட்டார்கள். "ரேடியேட்டர் அசெம்ப்ளி மாத்தணும் சார்" என்று ஒரே வரி. மாற்றுவார்கள். ஒழுகும். "வாட்டர் பம்ப்பும் மாத்தணும் சார்." மாற்றுவார்கள். ஒழுகும். கடைசியில் பத்து ரூபாய் வளையம் ஒன்று போயிருக்கும். மஞ்சள்பொடிக்காரர் தேடாமல் அடைக்கிறார், கோட்டு போட்டவர் தேடாமல் மாற்றுகிறார். ரெண்டு பேருக்கும் ஓட்டை எங்கே என்று தெரியாது. பில் மட்டும்தான் வித்தியாசம்.

மூன்றாவது கோஷ்டி ஒன்று உண்டு. "அந்த டப்பாவை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே?" கோஷ்டி. பழைய டீசல் புகை கெடுதல் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. தில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு அப்படி ஒரு வயதுக் கணக்கு வரவில்லை. ஆனால் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏற்றினார்கள். இப்படி எல்லாப் பக்கமும் நெருக்கும்போது பழைய வண்டி வைத்திருப்பவர் ஒன்று, அதை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும். ஒழுகவிட்டு ஓட்டுவது ரெண்டிலும் சேராது. கூலண்ட் சிலிண்டருக்குள் கசியும் வண்டி வெள்ளைப்புகை விட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அந்தக் கோஷ்டிக்கே வாய் நீளுகிறது.

அப்படியானால் எப்படித்தான் செய்ய வேண்டும்? பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ரேடியேட்டர் வாயில் மாட்டி, கையால் காற்றடிக்கும் ஒரு சின்னப் பம்ப் இருக்கிறது, மீட்டரோடு. ஆறிய எஞ்சினில் மூடி தாங்கும் அழுத்தம் வரை அடித்துவிட்டு முள்ளைப் பார்த்தால் போதும். இறங்கினால் ஒழுகுகிறது. டார்ச் எடுத்துத் தேடினால், சூடே இல்லாமல், ஆவியே இல்லாமல், சொட்டும் இடம் கண்ணில் படும். அந்தக் கருவியின் விலை ஒரு நல்ல செல்போனைவிட ரொம்பக் குறைச்சல். டீசல் மெக்கானிக் படிப்பு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம். அதை முடித்து வரும் பையன்களுக்கு இது தெரியும். ஷெட்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "ஏலே, புஸ்தகத்தை மூடிட்டு ஸ்பேனரை எடு" என்று சொல்லி மறக்கடித்துவிடுகிறார்கள்.

வெளியே எங்கும் சொட்டவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் அதுதான் பயப்பட வேண்டிய ஒழுக்கு. முன் சீட்டுக் கால்மிதியடி ஈரமாகி, இனிப்பாக ஒரு வாடை வந்தால் ஹீட்டர் காயில். (நம்மூர் டாக்ஸிகளில் பாதியில் ஹீட்டரைக் கழற்றி ஹோஸை லூப் அடித்திருப்பார்கள், அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.) ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் களிம்பு, காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய ரெண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, எஞ்சின் ஓடும்போது ரிசர்வ் டாங்கில் விடாமல் குமிழி, இவை எல்லாம் ஹெட் கேஸ்கெட் கொடுக்கும் வாக்குமூலம். இந்த நிலையில் இன்னொரு சவாரிக்கு ஒப்புக்கொள்கிறவர் தன் வண்டிக்குத் தானே தேதி குறிக்கிறார்.

ஹெட் இறக்கி ஏற்றும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் சண்டை போட்டே ஆக வேண்டும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். இருபது வருட அனுபவம் உள்ள கைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. எல்லாம் முடிந்து கூலண்ட் ஊற்றும்போது மடமடவென்று ஊற்றி மூடியைப் போட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். "புது ரேடியேட்டர் போட்டும் சூடாகுதே" புலம்பலில் பாதி இந்தக் காற்றுதான். மெதுவாக ஊற்றி, காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்து, ஹீட்டரை முழுக்க வைத்து, ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை பொறுமை வேண்டும். கூலண்டோடு கலக்கப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

இறக்கிய பழைய கூலண்டைச் சாக்கடையிலோ, வாசலில் திறந்த தட்டிலோ விடுவது தனிக் குற்றம். இனிப்பாக இருக்கும். நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும், குழந்தைக்கும் அதே கதிதான். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் உயிரைக் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்தது இந்த எத்திலீன் கிளைக்காலின் பங்காளியான டைஎத்திலீன் கிளைக்கால். அவ்வளவு பக்கத்துச் சொந்தம்.

மெக்கானிக் ஷெட்டுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, காசே செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது மக்கா. மளிகைக்கடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, பிரித்து, வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் விரித்துவிடவும். எது முன், எது பின் என்று பேனாவால் எழுதிவைக்கவும். காலையில் வண்டியை நகர்த்தாமல் குனிந்து பார்க்கவும். நிறமில்லாத ஈரம், அதுவும் ராத்திரி ஏ.சி. போட்டு வந்திருந்தால், ஏ.சி. தண்ணீர், அதற்குப் பயம் வேண்டாம். பச்சையோ சிவப்போ இருந்தால், அந்தப் பொட்டுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகவும்.